புகைபோக்கி வழியே போகும் செல்வம்



ஆலைகள் நிறைந்த ஊரைக் கடந்து ரயிலில் செல்லும்போது, வானை நோக்கி நிற்கும் புகைபோக்கிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றின் வழியே வெளியேறுவது என்ன என்று கேட்டால், புகை என்று உடனே விடை சொல்வீர்கள். அவ்விடை சரியே, ஆயினும் அது முழு விடை ஆகாது. ஆலையார் காசு கொடுத்து வாங்கிய நிலக்கரியிலிருந்து பிறந்த வெப்பத்தில் ஒரு பெரும் பகுதியும் அந்தப் புகையோடு கலந்து வானத்துக்குப் போய்விடுகிறது. வானத்தைச் சூடாக்க வேண்டும் என்று எவரும் கரி வாங்குவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்த வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

பொறியாளர் என்றால் பாலம் கட்டுபவர், அணை கட்டுபவர், புதிய இயந்திரம் படைப்பவர் என்ற எண்ணமே நம் மனத்தில் முதலில் எழும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்குள் புகுந்து, எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்று அளந்து, அதை மீட்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட பொறியாளர்களும் உளர். அவர்களுடைய வேலைக்கு விழா எடுப்பவர் இல்லை. திறந்து வைப்பதற்குக் கட்டடமும் இல்லை. அத்தகையோருக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க ஒருவரின் வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். அவர் பெயர் வில்லியம் சீமென்ஸ்.

அவருடைய வரலாற்றுக்குள் நுழையுமுன், நம் வீட்டு அடுப்பங்கரையை ஒரு முறை எட்டிப் பார்ப்போம். நம் பாட்டிமார் காலத்தில் கொடியடுப்பு என்று ஒன்று இருந்தது. விறகு எரிவது பெரிய அடுப்பில். அதன் பக்கத்திலே விறகு வைக்க வாயில்லாத சிறிய அடுப்பு ஒன்று இருக்கும். இரண்டையும் உள்ளே ஒரு துளை இணைக்கும். பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போது, பானைக்குப் பயன்பட்டு மீந்த அனல் அத்துளை வழியே சென்று, சிறிய அடுப்பின்மேல் இருக்கும் குழம்பையோ வெந்நீரையோ சூடாக்கும். தனியே ஒரு விறகும் தேவையில்லை. பௌதிகப் புத்தகம் படிக்காத நம் முன்னோர் கண்ட முறை இது. வீணாகும் வெப்பத்தை வழியிலேயே மறித்து வேலை வாங்குவது என்ற இக்கருத்தை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவது யாவும் இதன் விரிவே.

வில்லியம் சீமென்ஸ் 1823-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் ஜெர்மனியில் ஹனோவர் நகரை அடுத்த லெந்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினேழு வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்தார். குடும்பம் பெரியது, தம்பிமார் பலர். மூத்தவரான வெர்னர், தம்பிமாரின் கல்விப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். வில்லியம் மாக்டபர்க் நகரில் தொழிற்கல்வி பெற்று, கட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு விஞ்ஞானம் பயின்று, பிறகு ஓர் எஞ்சின் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

1843-ல், இருபது வயது நிறையுமுன், அண்ணன் கண்டுபிடித்த மின்முலாம் பூசும் முறையை விற்பதற்காக அவர் தனியே இங்கிலாந்து சென்றார். ஆங்கிலம் சரியாகத் தெரியாது. லண்டன் தெருக்களில், புதிய கண்டுபிடிப்புகளை ஏற்று நடத்தும் நிறுவனம் ஏதேனும் உண்டா என்று தேடி அலைந்தார். ஒரு கடையின் பலகையில் ‘அண்டர்டேக்கர்’ என்று எழுதியிருந்தது. அச்சொல்லுக்கு ‘ஏற்றுச் செய்பவர்’ என்று நேர்ப்பொருள் கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார். நுழைந்த பிறகுதான், அவர்கள் ஏற்றுச் செய்வது சவ அடக்கம் என்பது தெரிந்தது! பிற்காலத்தில் புகழ் பெற்ற பின்பு இந்நிகழ்ச்சியை அவரே சொல்லிச் சிரித்ததுண்டு. முடிவில் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் நிறுவனத்தார் அம்முறையை 1,600 பவுனுக்கு வாங்கிக்கொண்டனர். இந்த வெற்றி அந்த இளைஞரை இங்கிலாந்தின்பால் ஈர்த்தது. மறு ஆண்டே திரும்பி வந்து அங்கேயே தங்கிவிட்டார்.

அடுத்து வந்த ஆண்டுகள் எளியனவாக இல்லை. அக்காலத்தில்தான் வெப்பமும் வேலையும் ஒரே ஆற்றலின் இரு வடிவங்கள் என்பதை ஜூல் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி சோதனைகளால் நிறுவிக்கொண்டிருந்தார். அக்கணக்கைக் கொண்டு நீராவி எஞ்சினைப் பார்த்தபோது, எரிக்கும் கரியின் வெப்பத்தில் மிகச் சிறிய பங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பதும், மற்றதெல்லாம் வீண் என்பதும் சீமென்ஸுக்குப் புலப்பட்டன. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டர்லிங் 1816-லேயே ஒரு வழி காட்டியிருந்தார். வெளியேறும் சூடான காற்றின் வெப்பத்தை ஓரிடத்தில் சேமித்து, உள்ளே வரும் காற்றுக்கு அதைத் திருப்பித் தருவது அவ்வழி. சீமென்ஸ் அதை நீராவி எஞ்சினில் செய்து பார்க்க முனைந்தார். 1847-ல் போல்ட்டன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் தொடங்கிய இம்முயற்சி, பிறகு பர்மிங்காம் அருகிலும் தொடர்ந்தது. கருத்து சரியானதே. ஆனால் அவ்வளவு வெப்பத்தில் எஞ்சினின் உறுப்புகள் தாங்கவில்லை. தேய்ந்தும் தீய்ந்தும் போயின. பத்தாண்டு உழைப்பும் கைப்பொருளும் அதில் கரைந்தன. அக்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது, அவர் செய்த தண்ணீர் மீட்டர் என்னும் சிறு கருவியே.

திருப்பம் 1856-ல் வந்தது. அவருடைய தம்பி பிரெடெரிக், இவ்வெப்ப மீட்புக் கருத்தை எஞ்சினில் வைத்துப் போராடுவதை விட்டு, அசையும் உறுப்பே இல்லாத உலையில் வைத்தால் என்ன என்று கேட்டார். அவ்வாண்டே உலைக்கான உரிமைப் பட்டயத்தையும் பெற்றார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள்.

அவ்வுலை வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள். உலையின் இரு பக்கமும், கீழே, அறைகள் உள்ளன. அவ்வறைகளுக்குள் வெப்பம் தாங்கும் செங்கற்கள் இடைவெளி விட்டுச் சல்லடைபோல் அடுக்கப்பட்டிருக்கும். எரிந்து முடிந்த புகை, புகைபோக்கிக்குப் போகுமுன் வலப்பக்கத்து அறைகளின் வழியே செல்கிறது. செல்லும்போது தன் வெப்பத்தைச் செங்கற்களுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து வெளியேறுகிறது. சுமார் அரைமணி நேரம் கழித்து, அடைப்பிதழ்களைத் திருப்பிப் போக்கின் திசையை மாற்றிவிடுகிறார்கள். இப்போது உள்ளே வரும் காற்று, பழுக்கக் காய்ந்த வலப்பக்கச் செங்கற்களினூடே நுழைந்து, சூடேறிய பின்பே உலையை அடைகிறது. புகையோ இடப்பக்கத்துச் செங்கற்களைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. பிறகு மீண்டும் திசை மாற்றம். காற்று சூடாக வருவதால் நெருப்பின் வெப்பம் கூடுகிறது. நெருப்பின் வெப்பம் கூடுவதால் புகை அதிகச் சூட்டோடு செங்கற்களை அடைகிறது. அதனால் அடுத்த முறை காற்று இன்னும் சூடாக வருகிறது. இவ்விதம், அதே கரியைக் கொண்டு, முன்பு எட்ட முடியாத வெப்பநிலையை எட்ட முடிந்தது. பழைய உலைகளோடு ஒப்பிட்டால் எரிபொருளில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை மிச்சப்படும் என்று கணக்கிட்டார்கள்.

இதில் ஓர் இடையூறும் இருந்தது. கரியை நேரே எரித்தால் சாம்பல் பறந்து வந்து செங்கல் இடுக்குகளை அடைத்துவிடும். ஆகவே சீமென்ஸ் 1861-ல், கரியைத் தனி அறையில் அரைகுறைக் காற்றில் எரித்து, அதை முதலில் எரிவாயுவாக மாற்றி, அவ்வாயுவை உலைக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். மட்டமான கரித்தூளையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்பது மற்றோர் ஆதாயம். அவ்வாண்டிலேயே பர்மிங்காமை அடுத்த சான்ஸ் சகோதரர்களின் கண்ணாடித் தொழிற்சாலையில் இவ்வுலை அமைந்தது. மைக்கேல் பாரடே என்னும் பெரும் விஞ்ஞானி 1862 ஜூன் 20-ஆம் நாள் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற கழகத்தில் தம் கடைசி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவை நிகழ்த்தினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் சீமென்ஸின் வாயு உலையே.

அடுத்தது எஃகு. தூய இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் வேண்டும். அகன்ற உலையில் அந்த வெப்பத்தை மணிக்கணக்காக நிலைநிறுத்தும் திறன் சீமென்ஸ் உலைக்கு இருந்தது. 1865-ல் பிரான்சு நாட்டில் பியேர் எமில் மார்ட்டின் என்பவர், இவ்வுலையில் வார்ப்பிரும்பையும் பழைய இரும்பையும் சேர்த்து உருக்கி நல்ல எஃகு வடித்தார். சீமென்ஸ், வார்ப்பிரும்போடு இரும்புத் தாதுவைச் சேர்த்து எஃகாக்கும் முறையைக் கண்டார். வேல்ஸ் நாட்டில் லாண்டோர் என்ற இடத்தில் 1869-ல் ஆலை நிறுவினார். பிரிட்டிஷ் கடற்படைக்காக 1877-ல் நீரில் இறக்கப்பட்ட ‘ஐரிஸ்’ என்னும் எஃகுக் கப்பலுக்கு அந்த ஆலையின் எஃகே பயன்பட்டது. பிற்காலத்தில் திறந்த கணப்பு உலை என்று பெயர் பெற்ற இம்முறையே நம் நாட்டுக்கும் வந்தது. ஜம்ஷெட்பூரில் 1912-ல் முதன்முதலாக வார்க்கப்பட்ட எஃகு இவ்வகை உலையிலிருந்து பிறந்ததே. பிலாய், துர்காபூர் ஆலைகளும் இவ்வகை உலைகளோடு தொடங்கின. 1952-க்குப் பின் பிராணவாயுவைச் செலுத்தி எஃகு செய்யும் முறை பரவியதால் இவ்வுலைகள் மெல்ல மறைந்தன. ஆனால் அவற்றின் கருத்து மறையவில்லை. சீமென்ஸின் நண்பர் கௌப்பர் 1857-ல் அதே செங்கல் தத்துவத்தைக் கொண்டு ஊதுலைக்குச் சூடான காற்றுத் தரும் அடுப்பை அமைத்தார். இன்றும் இரும்பு ஊதுலைகளின் அருகே உயரமான உருளைகளாக நிற்பவை அவற்றின் வழித்தோன்றல்களே.

சீமென்ஸின் மனம் கரியோடு நின்றுவிடவில்லை. 1877-ல் இரும்பு எஃகுக் கழகத்தின் தலைவராகப் பேசியபோது, நயாகரா நீர்வீழ்ச்சியைக் குறிப்பிட்டார். உலகம் முழுவதும் தோண்டி எடுக்கும் கரி எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு நீர்வீழ்ச்சியில் வீணாகும் ஆற்றலுக்கு ஈடாவது அரிது என்றார். மூன்று அங்குலக் குறுக்களவுள்ள செம்புத் தண்டின் வழியே ஆயிரம் குதிரைச் சக்தியை முப்பது மைல் தூரத்துக்கு மின்சாரமாக அனுப்ப முடியும் என்றும் கூறினார். பலர் இதைக் கனவு என்று கருதினர். 1896-ல் நயாகரா மின்சாரம் பஃபலோ நகரை அடைந்தது. ஆனால் அதைக் காணச் சீமென்ஸ் உயிரோடு இல்லை. அவர் கண்ணால் கண்டது வேறொன்று. 1883-ல் அயர்லாந்தின் வடகோடியில், ஓர் ஆற்று வீழ்ச்சியின் மின்சாரத்தால் ஓடிய டிராம் வண்டியை அவரே அமைத்துத் தந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1878-79-ல், மின்சாரப் பொறியின் வெப்பத்தால் எஃகை உருக்கும் சிறிய உலையையும் செய்து காட்டியிருந்தார். 1883 நவம்பர் 19-ஆம் நாள் லண்டனில் அவர் காலமானார்.

இதுவரை கேட்ட நீங்கள், வீணாகும் வெப்பத்தை மீட்டுவிட்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று எண்ணக்கூடும். நான் பள்ளியில் பௌதிகம் கற்பித்த காலத்தில், கொடியடுப்பின் பெருமையை ஒரு நாள் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, கொடியடுப்பு வந்த பிறகு வீட்டில் விறகைக் குறைத்தார்களா, பலகாரத்தைக் கூட்டினார்களா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் கேட்டது மிக ஆழ்ந்த கேள்வி. அதே கேள்வியை 1865-ல் ஜெவன்ஸ் என்னும் பொருளாதார அறிஞர், நிலக்கரியைப் பற்றிய தம் நூலில் எழுப்பியிருக்கிறார். ஸ்காட்லாந்தில் ஒரு டன் இரும்புக்கு ஆகும் கரி, புதிய முறைகளால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்தது. ஆனால் 1830-க்கும் 1863-க்கும் இடையில் அங்கே இரும்புத் தொழில் எரித்த மொத்தக் கரி பத்து மடங்கு பெருகியது! இரும்பு மலிவானது, மலிவானதால் தேவை பெருகியது, தேவை பெருகவே சிக்கனத்தால் மிஞ்சியதைவிட மிகுதியாகக் கரி செலவாயிற்று.

சீமென்ஸின் எஃகுக்கும் இதுவே நேர்ந்தது. 1870-ல் உலகம் முழுவதும் செய்யப்பட்ட எஃகு பத்து லட்சம் டன்னுக்கும் குறைவு. இன்று ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 190 கோடி டன் செய்கிறோம். ஒரு டன் எஃகுக்குச் சராசரியாக இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு காற்றில் கலக்கிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 பங்கு அளவுக்கு எஃகுத் தொழில் ஒன்றிலிருந்தே வருகிறது. பாரடே சொற்பொழிவாற்றிய அதே ராயல் இன்ஸ்டிட்யூஷனில், 1859 முதல் டிண்டால் என்னும் விஞ்ஞானி, கரியமில வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சி மறிக்கும் தன்மையுடையது என்று சோதனையால் காட்டிவந்தார். ஒரே கூரையின்கீழ் ஓர் அறிஞர் நெருப்பின் சிக்கனத்தையும், மற்றோர் அறிஞர் அந்நெருப்பின் விளைவையும் விளக்கினர். இரண்டையும் இணைத்துப் பார்க்க உலகத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று.

ஆகவே இன்றைய ஆலைப் பொறியாளருக்கு இரண்டு கடமைகள் உள்ளன. முதற்கடமை, வெப்பத்தை வீணாக்காமை. இரண்டாவது, கரியே இல்லாமல் அவ்வேலையைச் செய்தல். இரண்டாவது ஏன் கடினம் என்பதற்கு இரும்பே தக்க சான்று. இரும்புத் தாதுவில் இரும்பும் பிராணவாயுவும் பின்னிக் கிடக்கின்றன. ஊதுலையில் கரி வெப்பம் தருவதோடு, அந்தப் பிராணவாயுவைப் பிரித்தெடுக்கும் வேலையையும் செய்கிறது. கரியிலிருந்து பிறந்த கார்பன் மோனாக்சைடு அப்பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு கரியமில வாயு ஆகிறது. இவ்விதம் 112 கிலோ இரும்பு பிரியும்போது 132 கிலோ கரியமில வாயு பிறக்கிறது. செங்கல் அறையைக் கொண்டு எவ்வளவு வெப்பத்தை மீட்டாலும் இந்த ரசாயனக் கணக்கு மாறாது.

இதற்கு வழி என்ன? கரியின் வேலையை ஹைட்ரஜனிடம் ஒப்படைக்கலாம். ஹைட்ரஜன் பிராணவாயுவோடு சேர்ந்தால் பிறப்பது வெறும் தண்ணீர். சுவீடன் நாட்டில் லூலியோ என்ற ஊரில் 2020-ல் இதற்கென ஒரு சோதனை ஆலை தொடங்கி, 2021-ல் இம்முறையில் பிறந்த எஃகை வாடிக்கையாளருக்கு அனுப்பினார்கள். ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க மின்சாரம் வேண்டும். அது நீரிலோ காற்றிலோ வெயிலிலோ பிறந்த மின்சாரமாக இருந்தால்தான் பயன் உண்டு. மற்றொரு வழி, பழைய இரும்பை மின்சாரப் பொறி உலையில் உருக்குவது. இன்று உலக எஃகில் கால் பங்குக்கு மேல் இவ்வகை உலைகளில்தான் உருகுகிறது. நீர்வீழ்ச்சி மின்சாரம், மின்சாரப் பொறி உலை ஆகிய இரண்டையும் சீமென்ஸ் தம் வாழ்நாளிலேயே தொட்டுவிட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவற்றை ஒன்றாக இணைத்துப் பெருந்தொழிலாக்கும் வேலை, உங்கள் தலைமுறைக்கு மிஞ்சியிருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு இடம் உண்டா என்று கேட்பீர்கள். 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2002 முதல் அதற்கென மத்திய அரசின் அலுவலகம் ஒன்று இயங்கிவருகிறது. பெரிய ஆலைகள் தங்கள் எரிசக்திக் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்பது விதி. பணக் கணக்கைத் தணிக்கை செய்பவர் இருப்பதுபோல், வெப்பக் கணக்கைத் தணிக்கை செய்பவரும் தேர்வெழுதித் தகுதி பெறுகிறார்கள். 2012 முதல், பெருந்தொழிற்சாலைகள் குறித்த அளவுக்கு மேல் எரிசக்தியை மிச்சப்படுத்தினால் அதற்குச் சான்றிதழ் பெற்று, இலக்கை எட்டாத ஆலைகளுக்கு விற்கும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. இந்தத் துறையில் நுழைபவருக்குப் பௌதிகமும் ரசாயனமும் கணக்கும் வேண்டும். அவற்றோடு, ஆலைத் தொழிலாளியிடம் பணிவோடு பேசிக் கேட்டறியும் குணமும் வேண்டும். உலையின் குறைகளை அதன் முன் நாள்தோறும் நிற்பவரே முதலில் அறிவார்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம் முன்னோர் சொன்னார்கள். இந்த வாரம் உங்கள் பள்ளியிலோ, விடுதியிலோ, வீட்டிலோ ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சமையலுக்கு எரிபொருள் எவ்வளவு ஆகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் பாத்திரங்களுக்கு மூடி இட்டும், பருப்பையும் அரிசியையும் முன்னரே ஊறவைத்தும் சமைக்கச் சொல்லி, மீண்டும் குறித்துப் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள். காரணத்தை அவர் கேட்பார். விடையை நீங்கள் சொல்லுங்கள். சீமென்ஸ் வாழ்நாள் முழுவதும் செய்ததும் அதுவே: முதலில் அளப்பது, பிறகு ஏன் என்று கேட்பது, அதன் பின்பே உலையைத் திருத்துவது.